அணைத்துவிட்டு மறுபடி போடவும்

இஃப்ராவின் வேலை என்னவென்று அவள் அத்தாவுக்கு இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை. கோட்டைமேட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்தபாவிடம் யாராவது கேட்டால், "என்ற மக சிங்காநல்லூர்ல ஒரு கம்பெனியில குறை எழுதுதுங்க" என்பார். யாருடைய குறை என்று கேட்டால், "கம்பெனி குறையத்தானுங்க. அதுக்குச் சம்பளமும் குடுக்கறாங்க" என்று தானே ஆச்சரியப்பட்டுக்கொள்வார்.

அவர் சொல்வதில் பெரிய தப்பில்லை. அந்தக் கம்பெனி வயர்லெஸ் பெட்டிகள் செய்கிறது. வீட்டுக்கு, ஆபீசுக்கு, இப்போது புதிதாகத் தோட்டத்துக்கும். பெட்டிக்குள் ஓடும் சாஃப்ட்வேர் மாறும்போதெல்லாம் கூடவே ஒரு தாள் போகும். மேலே 'தெரிந்த குறைகள்' என்று தலைப்பு. ஒவ்வொரு குறைக்கும் கீழே, அது சரியாகும்வரை எப்படிச் சமாளிப்பது என்று ஒரு வழி. அந்தத் தாள்தான் இஃப்ராவின் ராஜ்ஜியம். சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் குறையே இல்லை என்று சாதிப்பார்கள். வாங்கினவர்கள் குறையைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சண்டைக்கு வருவார்கள். நடுவில் உட்கார்ந்து, இருவரும் வாயை மூடிக்கொள்ளும்படி ஒரு வாக்கியம் எழுதவேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி. அந்தக் கர்வமும் கொஞ்சம் உண்டு. 'பெட்டியை அணைத்து, சிறிது நேரம் பொறுத்து, மறுபடி போடவும்' என்ற அவளுடைய ஒரு வாக்கியம் எத்தனை குறைகளின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்று அவளுக்கே கணக்கில்லை.

தோட்டத்துப் பெட்டிகளைத் தொண்டாமுத்தூர் பக்கம் சில தோட்டங்களில் சோதனைக்கு வைத்திருந்தார்கள். காடும் தோட்டமும் சந்திக்கிற எல்லையில் ஒரு கம்பம். அதில் ஒரு கேமரா, பக்கத்திலேயே ஒரு பெட்டி. யானையைத் தடுக்க வெட்டிய பள்ளத்தைத் தாண்டி அது இந்தப் பக்கம் வந்தால் கேமரா பார்த்துப் பெட்டியிடம் சொல்லும், பெட்டி வீட்டுக்குச் சொல்லும், வீட்டுக் கூரையில் சைரன் அலறும். வாரம் ஒருமுறை அந்த வீடுகளுக்குப் போன் போட்டு என்ன குறை என்று கேட்பது இஃப்ராவின் பொறுப்பு.

"ஏனுங்க ஐயா, பெட்டி எப்படீங்க இருக்குது?"

"அருமையா இருக்குதுங்க அம்மணி. நீங்க சாப்புட்டீங்களா?"

தென்னந்தோப்பு ஆறுச்சாமியின் பதில் இது. மற்ற தோட்டங்களிலும் இதே பதில்தான். இஃப்ரா அதை அப்படியே எழுதி மேலே அனுப்பிவிடுவாள்.

பஸ்ஸில் ஒருவன் நம் காலை மிதித்துவிட்டால், "பரவால்லீங்க, உங்க காலுக்கு ஒன்னும் ஆகலீங்களே?" என்று கேட்கிற ஊர் இது. இந்த ஊரில் போய், பெட்டியைச் சும்மா கொடுத்துவிட்டு, அதில் என்ன குறை என்று கேட்டால் எவன் வாயைத் திறப்பான்? இங்கேயே பிறந்து வளர்ந்த இஃப்ராவுக்கு இது தெரியாமல் இருக்கக்கூடாது. ஆனால் காதில் பாராட்டாக விழுந்துகொண்டிருக்கும்போது யாருக்குத்தான் யோசிக்கத் தோன்றும்?

தோட்டத்துப் பெட்டிக்கு அவள் எழுதிய தாளில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. பொழுது சாய்ந்து வெளிச்சம் குறைந்ததும் கேமரா தன் பகல் கண்ணை மூடி இரவுக் கண்ணைத் திறக்கும். அந்த நொடியில் பெட்டியோடு இருக்கிற தொடர்பு அறுந்து, உடனே மறுபடி வந்து சேர்ந்துகொள்ளும். சில சமயம் பெட்டி சேர்க்காது. பந்தியிலிருந்து எழுந்து கை கழுவி வந்தவனிடம், "இந்த இலையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது" என்று சொல்வது மாதிரி. இருந்த ஆளே அவன்தான் என்பது பெட்டிக்குப் புரியாது. அப்படி அது முரண்டு பிடித்து நின்றுவிட்டால், வீட்டிலிருந்து போனில் எதைத் தட்டினாலும் கேட்காது. சாஃப்ட்வேர் எழுதிய மிதுன் இதை ஆபீசில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தானாம். "எப்பவோ ஒருக்கா வர்றது" என்றான். இஃப்ரா கீழே தன் வாக்கியத்தைப் போட்டாள். அணைத்து, சிறிது நேரம் பொறுத்து, மறுபடி போடவும். விஷயம் முடிந்தது என்று டீ குடிக்கப் போனாள்.

பெட்டிகளை மலையோரத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் கொடுக்கும் நாள் நெருங்கியது. ஆறுச்சாமி தோட்டத்தைப் போட்டோ எடுத்துவரச் சொல்லி அனுப்பினார் சென்னகேசவன், அவளுக்கும் மிதுனுக்கும் மேலதிகாரி. வழக்கமாக அவள் அங்கே காலையில் போய், மத்தியானம் ஆறுச்சாமியின் மனைவி ராசாத்தாள் கையால் சாப்பிட்டு, ஒரு பை அவரைக்காயோடு திரும்பிவிடுவாள். அன்றைக்கு ஆபீசிலேயே நேரமாகிவிட்டது. தொண்டாமுத்தூரில் இறங்கும்போதே வெயில் தணிந்திருந்தது. ஆறுச்சாமி மொபெட்டோடு காத்திருந்தார்.

போட்டோ எடுத்து, காபி குடித்து, பேசிக்கொண்டிருந்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் போயிற்று. ஆறுச்சாமி எழுந்தார். டார்ச்சை எடுத்தார். ஒரு பழைய எண்ணெய் டப்பாவையும் குச்சியையும் எடுத்தார்.

"எங்கீங்க ஐயா?"

"இங்கதானுங்க. செத்த இருங்க, வாரேன்."

அவர் தென்னைகளுக்குள் மறைந்ததும் ராசாத்தாள் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். இஃப்ரா ஏதோ கேட்டாள், பதில் இல்லை. தூரத்தில் டப்பாவைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. ராசாத்தாள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு அதே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் வாய் ஓயாத அந்த அம்மாள் அப்படி ஊமையாக நின்றது இஃப்ராவுக்கு என்னவோ போலிருந்தது. மறுபடி டப்பாச் சத்தம் கேட்டு, அது நெருங்கிவந்த பிறகுதான் அவள் திரும்பி, "என்ன கேட்டே கண்ணு?" என்றாள்.

ஆறுச்சாமி வந்தார். "ஆச்சுங்க" என்று போனைக் காட்டினார். அதில் காட்டோரம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது.

"என்னங்க ஆச்சு?"

அவர் முகத்தில் ஒரு பெருமை. சுவரைக் காட்டினார். சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறை போட்டு, சாமி படத்துக்குச் சமமாக, இஃப்ராவின் தாள் தொங்கியது.

"நீங்க எழுதுனபடியேதானுங்க. அணைச்சுப்போட்டு, சித்த நேரம் பொறுத்து, மறுபடி போட்டுட்டு வாரேனுங்க. ஒருக்காக்கூட மாத்திச் செஞ்சதில்லீங்க."

"தினமுமாங்க?"

"தினமும்னு இல்லீங்க..." என்று இழுத்தார். பிறகு பொய் சொல்ல வராமல், "பொழுது வுழுந்தாத்தானுங்க" என்றார்.

"சுவிட்சு அந்தக் கம்பத்துலதானே இருக்குது? பொறுக்கற நேரமெல்லாம் அங்கயேவா நிக்கறீங்க?"

"பின்னே? நீங்கதான பொறுக்கோணும்னு எழுதியிருக்கறீங்க. ஒரு நாளு அவருங்கூட வந்திருந்தாருங்க."

"யாருங்க?"

"ஒத்தைக் கொம்பருங்க, அந்த ஆனை. பள்ளத்துக்கு அக்கட்ட, காட்டுப் பக்கம் நின்னாரு. நானும் நிக்கறேன், அவரும் நிக்கறாரு. லைட்டு பச்சையானதும் நான் வந்துட்டேன், அவரும் போயிட்டாரு. தொந்தரவு ஒன்னும் பண்றதில்லீங்க."

அந்த வாக்கியத்தை எழுதும்போது இஃப்ராவின் மனசில் இருந்தது ஏதோ ஒரு ஏசி அறை, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சுவிட்ச். அவ்வளவுதான். இந்த மனிதரை ஒவ்வொரு நாளும் இருட்டுகிற நேரத்தில், காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில் என்று அவளே கையைப் பிடித்து அனுப்பியிருக்கிறாள். ஒரு நாள் போகாமல் விட்டுவிடுங்கள் என்று சொல்லவும் முடியாது. அவர் கூரைச் சைரனை நம்பித்தான் பக்கத்துத் தோட்டங்களும் கண்ணை மூடுகின்றன.

"என்கிட்ட ஏங்க சொல்லலை? வாராவாரம் கேக்கறேனே!" குரல் அவளுக்கே அழுகிற மாதிரிக் கேட்டது.

ராசாத்தாள்தான் பதில் சொன்னாள். "ஒறம்பரையா, விருந்துக்கு வர்ற புள்ளைகிட்டக் குறை சொல்லுவாங்களா கண்ணு? நாங்க ஒன்னு சொல்லி, அங்க உனக்குத் திட்டு வுழுந்துச்சுன்னா? பொட்டி நல்ல பொட்டிதான். இந்த மனுசனுக்குத்தான் கூறு பத்தாது. செருப்புக்கூடப் போடாம ஓடறாரு."

மறுநாள் காலை ஆபீசில் இஃப்ரா இதைச் சொன்னபோது சென்னகேசவன் நம்பாமல் இல்லை. மதுக்கரைக்காரர், நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். ஆனால் அவர் முன்னால் அவள் வாராவாரம் அனுப்பியதெல்லாம் கிடந்தது.

"எல்லாத் தோட்டத்துலயும் அருமைன்னுதானம்மா சொல்லியிருக்காங்க? நீதானே எழுதியிருக்கே?"

"ஆபீஸ்ல ஒரே தடவதான் வந்துச்சு சார்" என்றான் மிதுன். "இதைச் சரி பண்ணோணும்னா பெட்டி ஆளைச் சேர்க்கற எடத்துலயே கை வெக்கோணும். நாள் தள்ளிப்போயிரும். அதுதான் சமாளிக்கறதுக்கு வழி இருக்குதே." அவன் விரல் வைத்த இடத்தில் அவளுடைய வாக்கியம் இருந்தது. தான் பெற்ற பிள்ளையே எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்ல வந்த மாதிரி இருந்தது இஃப்ராவுக்கு.

சென்னகேசவன் யோசித்தார். "எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க. தோட்டத்துக்காரர் ஒருத்தர் வாயால சொல்லட்டும், பெட்டி குடுக்கறதை நான் நிறுத்தி வெக்கறேன். அந்த ஐயாவுக்கே போன் போடு."

போனை மேஜை நடுவில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார்கள்.

"ஐயா, நான் இஃப்ராவோட மேனேஜர் பேசறேனுங்க. பெட்டி எப்படி இருக்குதுங்க?"

"அருமையா இருக்குதுங்க சார்!"

"தினமும் கம்பத்துக்குப் போயி அணைச்சுப் போடறீங்களாமா?"

கம்பெனிக்காரர் கேட்கிறார், அந்தப் பெண் மாட்டிக்கொண்டது என்று ஆறுச்சாமி முடிவு கட்டிவிட்டது இஃப்ராவுக்கு இங்கிருந்தே தெரிந்தது. "அதுங்க... நடந்தா ஒடம்புக்கு நல்லதுங்க சார். டாக்டரே சொல்லியிருக்காருங்க. எப்படியும் பொழுதோட அந்தப் பக்கம் போறவன்தானுங்க. அந்த அம்மணி தங்கமான புள்ளைங்க. அதும்மேல ஒரு குறையும் சொல்ல முடியாதுங்க."

இஃப்ராவுக்கு மேஜையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மனிதர் பாசத்தாலேயே அவளைக் கவிழ்க்கிறார். கூடவே தன் உயிரையும் தாம்பாளத்தில் வைத்து நீட்டுகிறார். மிதுன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். சென்னகேசவன் போனை வைக்கக் கையை நீட்டினார்.

அப்போதுதான் செருப்புப் போடாமல் ஓடுகிற மனுசனைப் பற்றி ராசாத்தாள் சொன்னது அவள் நினைவுக்கு வந்தது. கொடுத்த பொருளைக் குறை சொல்லத்தான் இந்த ஊரில் வாய் வராது. கட்டின புருஷனைச் சொல்வதற்கு என்ன தடை?

"ஐயா, அம்மாகிட்டக் குடுங்க" என்றாள். போன் கைமாறும் சத்தம் கேட்டது. "அம்மா, நான் இஃப்ரா. பெட்டிய வுடுங்க. ஐயா பொழுதோட நேரத்துக்குச் சாப்புடறாரா?"

மடை திறந்தது.

"எங்க கண்ணு சாப்புடறாரு? பொழுது வுழுந்தா இவருக்கு ஊடு தங்குதா? டார்ச்சைத் தூக்கிட்டு, டப்பாவைத் தூக்கிட்டு, காட்டோரம் போயிக் கம்பத்தடியில நின்னுக்கறாரு. மழைன்னு பாக்கறதில்லை, காய்ச்சல்னு பாக்கறதில்லை. போன வாரம் என்ன பண்ணுனாருன்னு கேளு. பள்ளத்துல மண்ணு சரிஞ்ச எடமாப் பாத்து அந்தக் கொம்பன் இக்கட்ட ஏறிப்போட்டான். இவரு கம்பத்தைக் கட்டிப் புடிச்சுட்டு மூச்சு வுடாம நின்னிருக்கறாரு. நான் வாசல்ல நின்னு டப்பாச் சத்தம் வருதா வருதான்னு காதைத் தீட்டிட்டு நிக்கறேன். சத்தமே இல்லை கண்ணு. அடுப்புல கொழம்பு தீஞ்சு நாறுது, எனக்குக் கால் நகர மாட்டேங்குது. போயிட்டாருன்னே நெனச்சுப்போட்டேன். அப்பறம் ஆடி அசைஞ்சு வந்து என்ன சொன்னாரு தெரியுமா? பொட்டி ஓடுதுன்னாரு! பொட்டியாம்!"

பின்னாலிருந்து ஆறுச்சாமியின் குரல் கெஞ்சியது. "ஏ, பேசாம இரு. கம்பெனிக்காரங்க கேக்கறாங்க."

"கேக்கட்டுமே! நான் என்ன அவங்க பொட்டியவா சொன்னேன்? உங்களைத்தான சொல்றேன்!"

போன வாரக் கதை இஃப்ராவுக்கும் புதிது. தொந்தரவு ஒன்றும் பண்ணுவதில்லை என்று அவர் நேற்று சொன்னதை நினைத்து அவள் கண் நிறைந்துவிட்டது. மிதுன் முகத்தில் சிரிப்பில்லை. சென்னகேசவன் போனை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டார். "அம்மா, இன்னைக்கு ஐயாவை அனுப்பாதீங்க. பொழுது சாயறதுக்குள்ள எங்க ஆளுங்க அங்க வருவாங்க. கம்பத்துலயே டைமர் மாட்டிட்டா, அதுவாவே அணைஞ்சு அதுவாவே போட்டுக்கும்." வைத்துவிட்டு நிமிர்ந்தார். "மிதுன், தேதி போனாப் போகட்டும்."

"ஆபீஸ்ல நாம லைட்டை அணைக்கறதே இல்லை சார்" என்றான் மிதுன் மெதுவாக. "கேமராவுக்கு இருட்டே தெரியாது. அதனாலதான் இங்க ஒரு தடவைக்கு மேல வரலை." யாரும் அவனைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானத்துக்குள் இஃப்ரா மற்ற தோட்டங்களுக்கும் போன் போட்டாள். பெட்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வீட்டம்மாவைக் கூப்பிட்டு, உங்க வீட்டுக்காரர் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று மட்டும் கேட்டாள். ஒரு வீடு பாக்கியில்லாமல் கொட்டித் தீர்த்தார்கள். சாயங்காலம் பார்த்தால், எப்பவோ ஒருக்கா வருகிற அந்தக் குறை எல்லாத் தோட்டத்திலும் தினமும் வந்துகொண்டிருந்தது. எல்லா வீட்டு ஆண்பிள்ளைகளும் அவள் வாக்கியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டோரம் நின்றுகொண்டிருந்தார்கள். டைமர் எல்லாக் கம்பத்துக்கும் போயிற்று.

பெட்டி முரண்டுபிடித்த இடத்தை மிதுன் சரிசெய்து, ஆபீஸ் விளக்குகளை அணைத்துப் போட்டு அணைத்துப் போட்டுச் சோதித்து, புதிய சாஃப்ட்வேரைக் கொடுத்தபோது மழைக்காலம் வந்துவிட்டது. அது ஏறி, டைமரைக் கழற்றிய அன்று இஃப்ரா வேண்டுமென்றே சாயங்கால பஸ்ஸில் போனாள்.

பொழுது மலைக்குப் பின்னால் போனதும் ஆறுச்சாமி எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து டார்ச்சைத் தொட்டுப் பார்த்து வைத்தார். ராசாத்தாள் பழக்கதோஷத்தில் வாசலுக்குப் போய் நின்றாள். மூவரும் போனையே பார்த்தார்கள். படம் ஒரு தரம் கண்ணைச் சிமிட்டி, சாம்பல் நிறத்தில் தானாகத் திரும்பி வந்தது. "வந்துருச்சு!" என்று ஆறுச்சாமி கத்தினார். ராசாத்தாள் உள்ளே போய்க் குழம்பைக் கிளறினாள். அன்றைக்கு அது தீயவில்லை.

சாப்பிட்டு முடித்துப் பையை மாட்டிக்கொண்டு இஃப்ரா சொன்னாள்: "ஐயா, இனிமே குறை இருந்தாச் சொல்லிப்போடோணுமுங்க. எனக்குத் திட்டு வுழுகாது. சொல்லாட்டித்தான் வுழுகும்."

"குறையென்னுங்க அம்மணி, அருமையா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். மனைவியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "ஒன்னு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டியே கண்ணு?"

"சொல்லுங்க."

"அந்தச் சைரன் சகிக்கலை. யானை போனாலும் போகும், அது நிக்க மாட்டேங்குது." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் போனை எடுத்து எழுதிக்கொண்டிருந்தாள். அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. "அப்பறம் அந்தப் பச்சை லைட்டு கண்ணைக் குத்துது. கம்பத்தடிக்குப் போனா நேரா மூஞ்சியில அடிக்குது. அப்பறம் உன்ற தாள்ல எழுத்து பொடிசு. கண்ணாடி போட்டாலும் தெரியறதில்லை. யாருக்காக அச்சடிக்கறீங்க அதை?"

ராசாத்தாள் உள்ளிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "இத்தனை வருசமா இவரு என்கிட்ட மட்டுந்தான் குறை சொல்லுவாரு கண்ணு. கூடப் பொறந்த தம்பிகிட்டக்கூடச் சொன்னதில்லை."

சோற்றில் உப்பு ஒரு கல் கூடினாலும் தட்டைத் தள்ளிவைத்து முகத்தைச் சுளிக்கிற தன் அத்தாவை இஃப்ரா நினைத்துக்கொண்டாள். வெளியாள் வீட்டில் உப்பே இல்லாமல் போட்டாலும் அவர் அருமை என்றுதான் சொல்லுவார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்பறம்?" என்றாள்.

"அப்பறம்..." ஆறுச்சாமி தலையைச் சொறிந்தார். "கடைசியா ஒன்னு. வந்ததும் வராததுமா ஒவ்வொரு தடவையும் பையைத் தூக்கிட்டு ஓடிப்போயிர்றே. அதுவும் ஒரு குறைதான்."

அதையும் அவள் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு, தோளில் மாட்டிய பையைக் கழற்றி வைத்து உட்கார்ந்தாள்.